சங்கீதங்களில் நாம் பாடாமல் விட்டவை: வாசகர் கேள்வி–பதில்

ஆராதனையைப் பற்றி இம்மாதம் வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் வேதாகமத்தின் பாடல் தொகுப்பான சங்கீதப் புத்தகத்தைத் தொட்டு நிற்பதால், அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதிலளிக்கிறேன். கத்தோலிக்க வாசகர்கள் திருப்பாடல்கள் என்று வழங்கும் நூலும் இதுவே. மேற்கோள்களைச் சீர்திருத்தச் சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருக்கிறேன்.

கேள்வி (வெள்ளவத்தை வாசகர்): எங்கள் சபையில் பாடல், பாவ அறிக்கை, வேத வாசிப்பு, பிரசங்கம், மன்றாட்டு, காணிக்கை, திருவிருந்து என்று அச்சிட்ட ஒழுங்கின்படி ஆராதனை நடக்கிறது. அடுத்த வீதியிலுள்ள சபையில் ஒரு மணி நேரம் பாட்டு, ஒரு மணி நேரம் பிரசங்கம், அவ்வளவுதான். இவற்றில் எது வேதாகமத்தின்படியானது? புதிய ஏற்பாட்டில் ஆராதனை முறை எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

பதில்: லேவியராகமம் பலிகளுக்கு வகுத்திருப்பது போன்ற விரிவான முறை எதுவும் புதிய ஏற்பாட்டில் இல்லை. இருப்பவை குறிப்புகளே. எருசலேமின் முதற் சபையார் "அப்போஸ்தலருடைய உபதேசத்திலும், அந்நியோந்நியத்திலும், அப்பம் பிட்குதலிலும், ஜெபம்பண்ணுதலிலும்" உறுதியாய்த் தரித்திருந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 2:42 சொல்கிறது. கொரிந்து சபை கூடிவரும்போது ஒருவன் சங்கீதம் பாடுகிறான், ஒருவன் போதகம்பண்ணுகிறான் என்று பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 14:26). சபையில் வேதத்தை வாசிப்பதில் கருத்தாயிருக்கும்படி தீமோத்தேயுவுக்கு அறிவுறுத்துகிறார். எல்லா மனுஷருக்காகவும், ராஜாக்களுக்காகவும், அதிகாரமுள்ளவர்களுக்காகவும் மன்றாடச் சொல்கிறார்.

இந்தக் குறிப்புகள் வெறுமையிலிருந்து தோன்றியவை அல்ல. முதற் சீஷர்கள் யூதர்கள். ஜெபவேளையில் தேவாலயத்துக்குப் போனார்கள். ஓய்வுநாளில் ஜெபஆலயத்தில் இருந்தார்கள். நாசரேத்தில் இயேசு எழுந்து நின்று ஏசாயாவின் சுருளை வாசித்து, பின்பு உட்கார்ந்து அதை விளக்கிய காட்சியை லூக்கா 4 தருகிறது. வாசிப்பும் விளக்கமும் ஜெபஆலயத்தின் கொடை. அதனோடு, இயேசு சீஷர்களோடு கடைசி இராப்போஜனம் உண்ட மேல்வீட்டறையின் அப்பமும் பாத்திரமும் சேர்ந்தன. ஏறக்குறைய கி.பி. 155இல் உரோமையில் எழுதிய ஜஸ்டின் என்ற இரத்தசாட்சி, ஞாயிற்றுக்கிழமைக் கூடுகையை விவரிக்கும்போது, அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் நூல்களோ நேரம் இடங்கொடுக்கும் வரையில் வாசிக்கப்படும் என்றும், அதன்பின் தலைவர் புத்திமதி கூறுவார் என்றும், எல்லாரும் எழுந்து ஜெபித்தபின் அப்பமும் திராட்சரசமும் கொண்டுவரப்படும் என்றும், இல்லாதவர்களுக்காகப் பணம் சேர்க்கப்படும் என்றும் சொல்கிறார். உங்கள் சபையின் அச்சிட்ட தாளில் இருப்பதன் எலும்புக்கூடு இதுதான்.

ஆயினும் அந்த எலும்புக்கூடு எந்தத் திசையில் நடக்கிறது என்பதை நான் சங்கீதம் 95இல்தான் தெளிவாகக் காண்கிறேன். பல நூற்றாண்டுகளாக மேலைத் திருச்சபைகளின் காலை ஜெபம் இச்சங்கீதத்தோடு தொடங்கி வந்திருப்பது தற்செயலன்று. முதலில் மகிழ்ச்சியின் ஆரவாரம். அடுத்து "நாம் பணிந்து குனிந்து முழங்காற்படியிடக்கடவோம் வாருங்கள்" என்ற அழைப்பு. அதன்பின் பாட்டு திடீரென்று நின்றுவிட, "இன்று அவருடைய சத்தத்தைக் கேட்பீர்களாகில், உங்கள் இருதயத்தைக் கடினப்படுத்தாதேயுங்கள்" என்று தேவனே பேசத் தொடங்குகிறார். சங்கீதம் அங்கேயே, எச்சரிக்கையோடு, முடிந்துவிடுகிறது. சபை பாடுவது கேட்பதற்காக. கேட்டபின் பதில் சொல்வதற்காக.

ஆகவே உங்கள் கேள்விக்கு நான் வைக்கும் அளவுகோல் ஒழுங்கு அச்சிடப்பட்டதா இல்லையா என்பதன்று. ஒரு மணி நேரம் பாடியும் வேத வாசிப்பு பிரசங்கியார் எடுத்துக்கொண்ட ஒற்றை வசனத்தோடு நின்றுவிடுமானால் அங்கே கேட்பதற்கு இடமில்லை. மறுபுறம், மூன்று வாசிப்புகளும் ஒரு சங்கீதமும் தாளில் இருந்தும், சங்கீதம் எந்த முகபாவமும் இல்லாமல் விரைந்து முணுமுணுக்கப்படுமானால் அங்கே பதில் இல்லை. இரண்டு குறைகளும் கொழும்பில் தாராளமாக உண்டு.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகி): எங்கள் அம்மம்மாவின் பழைய செபப்புத்தகத்தில் தவக்காலத்தில் சொல்லும் மனஸ்தாபச் சங்கீதம் 50 என்றிருக்கிறது. இன்றைய விவிலியத்தில் அது 51. எது சரி?

பதில்: இரண்டும் சரி. எபிரேய நூலில் 9, 10 என்று பிரிந்திருப்பவை கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அதைத் தழுவிய இலத்தீன் மொழிபெயர்ப்பிலும் ஒரே சங்கீதம். ஆகையால் அங்கிருந்து எண் ஒன்று பின்தங்குகிறது. பின்னர் 114உம் 115உம் ஒன்றாக்கப்பட்டு, 116உம் 147உம் இரண்டிரண்டாகப் பிரிக்கப்படுவதால் முடிவில் இரு கணக்கும் 150இல் வந்து சேர்ந்துவிடுகின்றன. பழைய கத்தோலிக்கச் செபப்புத்தகங்கள் இலத்தீன் எண்ணைப் பின்பற்றின. இக்காலப் பதிப்புகள் எபிரேய எண்ணைக் கொண்டுள்ளன.

கேள்வி (தெஹிவளை வாசகர்): சங்கீதங்கள் எல்லாவற்றையும் தாவீது எழுதினார் என்று ஓய்வுநாள் பாடசாலையில் கற்றோம். இப்போது அப்படியில்லை என்கிறார்கள். இது விசுவாசத்தைக் குலைப்பதாகாதா?

பதில்: நூலே அப்படிச் சொல்லவில்லையே. எபிரேய மூலத்தில் தாவீதின் பெயரைத் தலைப்பில் தாங்குபவை 73. ஆசாப்பின் பெயரில் 12 உள்ளன. கோராகின் புத்திரர், சாலொமோன், ஏமான், ஏத்தான் ஆகியோரின் பெயர்களும் வருகின்றன. 90ஆம் சங்கீதத்தின் தலைப்பில் மோசேயின் பெயர் நிற்கிறது. 137ஆம் சங்கீதம் பாபிலோன் சிறையிருப்பைப் பாடுகிறது. எருசலேம் அழிந்தது தாவீதுக்கு நாலு நூற்றாண்டுகள் பிந்தி. இந்நூல் ஒரு சமுதாயம் பல நூற்றாண்டுகளாகப் பாடிச் சேர்த்து, ஐந்து பகுதிகளாக (1–41, 42–72, 73–89, 90–106, 107–150) வகுத்துக்கொண்ட தொகுப்பு. முதல் நான்கு பகுதிகளும் ஒவ்வொரு துதிவாக்கியத்தோடு முடிகின்றன; ஐந்தாவதற்கு 150ஆம் சங்கீதம் முழுவதுமே துதிவாக்கியம்.

தாவீதின் பங்கு இதனால் சிறுத்துவிடாது. 1 நாளாகமத்தின்படி ஆசாப், ஏமான், எதுத்தூன் என்பவர்களின் குமாரரைப் பாட்டுச் சேவைக்கென்று நியமித்தவர் அவரே. ஐம்பத்தைந்து சங்கீதங்களின் தலைப்பில் பாடகரை நடத்தும் "இராகத்தலைவன்" குறிப்பிடப்படுகிறான். தனியறையில் எழுதப்பட்ட கவிதைகள் என்று மட்டும் இவற்றை எண்ணுகிறவர்கள் அந்தச் சிறிய எழுத்துத் தலைப்புகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கேள்வி (மட்டக்குளி வாசகி): நான் எங்கள் சபையில் பாடல் நடத்தும் இளையோர் குழுவில் இருக்கிறேன். அண்மையில் ஒரு குடும்பத்தில் பெரிய துக்கம் நடந்தபோது, அந்த ஞாயிறு 13ஆம் சங்கீதத்தைத் தழுவிய ஒரு பாட்டைப் பாடலாம் என்றேன். "ஆராதனை துதிக்கும் இடம், அவிசுவாசத்தைப் பாட்டாகப் பாடக்கூடாது" என்று மூத்தவர் ஒருவர் தடுத்துவிட்டார். அவர் சொன்னது சரியா?

பதில்: அவருடைய பக்தியை நான் குறைத்து எண்ணவில்லை, ஆனால் அவர் சொன்னது வேதாகமத்துக்கு ஒத்ததன்று. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்கும் 13ஆம் சங்கீதம் இராகத்தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்டது, அதாவது சபையில் பாடுவதற்கென்றே கையளிக்கப்பட்டது. அது ஒரு விதிவிலக்கும் அன்று. நூற்றைம்பது சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றிலொன்று புலம்பல் வகையைச் சேர்ந்தவை. வேறெந்த வகையையும்விட அவையே மிகுதி. துதியின் புத்தகம் என்று நாம் கொண்டாடும் நூலைத் தொகுத்தவர்கள் இத்தனை அழுகையை அதற்குள் வைத்திருக்கிறார்கள் என்றால், அவர்கள் அறிந்த துதி நம்முடையதைவிட அகலமானது என்றுதான் கொள்ள வேண்டும்.

அவிசுவாசி தேவனை நோக்கி "எதுவரைக்கும்" என்று கேட்பதில்லை, அவன் போய்விடுகிறான். கேட்கிறவன் உடன்படிக்கையைப் பற்றிக்கொண்டு கேட்கிறான். 44ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். அது தனிமனிதனின் பாட்டன்று. தோற்றுப்போன ஒரு ஜனம் முழுவதும் ஒரே குரலில் முறையிடுகிறது. நாங்கள் உம்மை மறக்கவில்லை, உமது உடன்படிக்கைக்குத் துரோகம் செய்யவில்லை, ஆயினும் எங்களை நொறுக்கினீர் என்று சொல்லிவிட்டு, "ஆண்டவரே, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரைபண்ணுகிறீர்?" என்று கேட்கத் துணிகிறது. "உமது நிமித்தம் எந்நேரமும் கொல்லப்படுகிறோம்" என்னும் இதே சங்கீதத்தின் 22ஆம் வசனத்தைத்தான் பவுல் ரோமர் 8இல், கிறிஸ்துவின் அன்பை விட்டு நம்மைப் பிரிப்பவன் யார் என்ற உச்சமான பகுதிக்கு நடுவே, எடுத்து வைக்கிறார். அந்த அதிகாரத்தை வெற்றி முழக்கமாக மட்டும் பிரசங்கிப்பவர்கள் அந்த ஒரு வசனத்தின் மேல் சற்று நின்று போவது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சிலுவையில் ஆண்டவர் வாய்திறந்து சொன்னவற்றுள் இரண்டு சங்கீத வாக்கியங்கள். "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்பது 22ஆம் சங்கீதத்தின் தொடக்கம், "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பது 31ஆம் சங்கீதத்தில் வருவது. முந்தின இரவில் அவர் சீஷர்களோடு ஸ்தோத்திரப்பாட்டைப் பாடியபின் ஒலிவமலைக்குப் புறப்பட்டதாக மத்தேயுவும் மாற்குவும் எழுதுகிறார்கள். பஸ்கா இரவில் பாடப்படுபவை 113 முதல் 118 வரையிலான சங்கீதங்கள் ஆகையால், அவர் பாடியதும் அவற்றின் பகுதியே என்று கொள்வது மரபு. துதியைப் பாடிய அதே வாய் சில மணி நேரங்களுக்குள் புலம்பலையும் சொல்லிற்று. இரண்டும் ஒரே புத்தகத்திலிருந்து வந்தன.

22ஆம் சங்கீதம் கைவிடப்பட்ட குரலோடு முடிவதில்லை என்பதையும் உங்கள் மூத்தவருக்குச் சொல்லுங்கள். அதன் 22ஆம் வசனத்திலிருந்து பேச்சு திரும்பி, சபை நடுவில் உம்மைத் துதிப்பேன் என்கிறது. எபிரெயருக்கு எழுதின நிருபம் (2:12) அந்த வாக்கியத்தைக் கிறிஸ்துவின் வாயிலேயே வைக்கிறது. புலம்பியவர்தான் சபை நடுவில் பாடுகிறவர். ஆனால் இந்தத் திருப்பத்தை நாம் அவசரப்படுத்தக் கூடாது. 88ஆம் சங்கீதத்தில் அத்தகைய திருப்பமே இல்லை. நண்பரும் அறிமுகமானவர்களும் அகன்றுபோன இருளில் அது முடிகிறது. அதற்கு மறுமொழியாக ஒரு வசனத்தைச் சேர்க்க வேண்டும் என்று தொகுத்தவர்களுக்குத் தோன்றவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அடுத்த ஞாயிறே மகிழ்ந்து களிகூரும்படி சொல்லும் சபை, வேதாகமத்தைவிடத் தான் அதிக விசுவாசமுள்ளது என்று எண்ணிக்கொள்கிறது.

நமது நகரத்துக்கு இது ஏட்டுப் பாடமன்று. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் ஆராதனைக்கு வந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்கு முன்னும் போரின் ஆண்டுகளில் உறவினரைத் தேடி அலைந்த குடும்பங்கள் நம் ஆலயங்களின் வாங்குகளில் அமர்ந்திருந்தன, இன்னும் அமர்ந்திருக்கின்றன. அவர்களுக்குச் சபை கொடுக்கக்கூடிய வார்த்தைகள் சங்கீதப் புத்தகத்தில் ஆயத்தமாக உள்ளன. நாலாம் நூற்றாண்டில் அலெக்சந்திரியாவின் ஆயர் அத்தனாசியு, மார்செல்லினு என்பவருக்குச் சங்கீதங்களைப் பற்றி எழுதிய கடிதத்தில், வேதத்தின் மற்ற நூல்களைப் பிறருடைய வார்த்தையாகக் கேட்கிறோம், சங்கீதங்களையோ நம்முடைய சொந்த வார்த்தையாகவே உச்சரிக்கிறோம் என்ற கருத்தை விளக்கியிருக்கிறார். அந்தச் சொந்த வார்த்தைகளில் மூன்றிலொரு பங்கை எடுத்துவிட்டால், துக்கப்படுகிறவன் ஆராதனைக்கு வந்தும் ஊமையாக இருக்க வேண்டியதுதான்.

நடைமுறைக்கு ஒன்று: நீங்கள் முன்மொழிந்த சங்கீதத்தைப் பாட்டாகப் பாட இணங்காவிட்டால், வேத வாசிப்பின் இடத்தில் அதை முழுவதும் நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள். வேத வாசிப்பை அவிசுவாசம் என்று எவரும் தடுக்கமாட்டார்.

கேள்வி (கிராண்ட்பாஸ் வாசகர்): 137ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தையும் 109ஆம் சங்கீதத்தின் சாபங்களையும் சபையில் வாசிப்பது தகுமா? சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்றவரின் பிள்ளைகள் அல்லவா நாம்?

பதில்: திருச்சபைகளே இதில் ஒருமனப்பட்டவை அல்ல. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1970இல் ஆறாம் பவுல் பாப்பரசர் புதுப்பித்து வெளியிட்ட, நாளின் குறித்த வேளைகளில் சொல்லப்படும் கத்தோலிக்க மணிநேரச் செபத்தின் நாலு வாரச் சுற்றிலிருந்து 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களும் முழுமையாக நீக்கப்பட்டன; வேறு சிலவற்றில் சில வசனங்கள் மட்டும் விடப்பட்டன. 137இன் இறுதிப் பகுதி அவற்றுள் ஒன்று. அங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகத்தின் பழைய ஒழுங்கோ எதையும் விடாமல் எல்லாவற்றையும் மாதந்தோறும் வாசிக்கச் சொல்கிறது.

என் எண்ணம் பிந்தியதன் பக்கம் சாய்கிறது, ஒரு நிபந்தனையோடு. இச்சங்கீதங்களைச் சொல்லும் மனிதன் வாளை எடுக்கவில்லை. தனக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தைத் தேவனுடைய நியாயாசனத்தின் முன் கொண்டுபோய், தான் நினைக்கும் கொடூரத்தை மறைக்காமல், தீர்ப்பை அங்கே விட்டுவிடுகிறான். பழிவாங்குதல் எனக்குரியது என்ற வார்த்தையைப் பவுல் மேற்கோள் காட்டுவதும் இந்த அர்த்தத்தில்தான். பழியுணர்ச்சி தனக்கில்லை என்று சொல்லும் சபையைவிட, அதை ஜெபத்தில் கொண்டுவந்து வைக்கும் சபையிடம் சமாதானத்துக்கு அதிக வாய்ப்பு உண்டு என்று, இந்த நாட்டில் வாழ்ந்து பார்த்தபின் சொல்லுகிறேன். நிபந்தனை இது: விளக்கமின்றி, சிறு பிள்ளைகள் இருக்கும் ஆராதனையில், இவ்வசனங்களை வாசித்துவிட்டு அடுத்த பாடலுக்குப் போகக் கூடாது. பாபிலோனின் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதியடிப்பதைப் பற்றிய அந்த வசனம் எவரையும் திகைக்க வைக்கவே செய்யும். திகைப்போடு விட்டுவிடுவது மேய்ப்பனுக்கு அழகன்று. எந்தச் சமூகத்தையும் மனதில் வைத்துக்கொண்டு இவற்றை வாசிப்பது பாவம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

கேள்வி (பம்பலப்பிட்டி வாசகர்): ட்ரம்ஸ், கீபோர்ட் வந்தபின் ஆலயத்தில் பக்தி போய்விட்டது. மிருதங்கமும் வேண்டாம், ஓர்கன் ஒன்றே போதும் என்பது என் கருத்து. வேதம் என்ன சொல்கிறது?

பதில்: வேதம் உங்களுக்குத் துணைவராது. 150ஆம் சங்கீதம் எக்காளம், வீணை, சுரமண்டலம், தம்புரு, நடனம், யாழ், தீங்குழல் என்று அடுக்கி, கைத்தாளங்களை இரண்டு முறை சொல்கிறது. ஓசை போதாதென்று "பேரோசையுள்ள" கைத்தாளங்களையும் கேட்கிறது. ஓர்கன் அந்தப் பட்டியலில் பிற்காலத்து விருந்தாளி. எசேக்கியா ராஜாவின் காலத்தில் சர்வாங்க தகனபலி தொடங்கியபோது பாட்டும் பூரிகைகளும் தொடங்கி, பலி முடியுமட்டும் நடந்தன என்று 2 நாளாகமம் 29 கூறுகிறது.

ஆனால் சரித்திரம் உங்களை முற்றாகக் கைவிடவில்லை. ஆதித் திருச்சபையின் பிதாக்கள் பலர் வாத்தியங்களை விரும்பவில்லை. கீழைத் திருச்சபைகளில் பல இன்றுவரை வாத்தியமின்றியே பாடுகின்றன. திருச்சபைச் சீர்திருத்தத் தலைவர் கால்வினின் ஜெனீவாவிலும் 1562இல் முழுமையடைந்த செய்யுள் சங்கீதங்களைச் சபையார் வாத்தியத் துணையின்றி ஒரே குரலில் பாடினார்கள். ஒல்லாந்தர் கொழும்புக்குக் கொண்டுவந்ததும், 1757இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட வுல்பெண்டால் தேவாலயத்துக்குப் பின்னே நிற்பதும் அந்தச் சீர்திருத்த மரபுதான். வாத்தியம் சபையின் குரலை மூடிவிடும் என்பதே அவர்களின் அச்சம். அந்த அச்சத்தில் நியாயமுண்டு. ஒலிபெருக்கியை இயக்குகிறவர் சபையார் பாடுவது கேட்கும் அளவுக்கு ஒலியைக் குறைப்பாரானால் உங்கள் முறைப்பாட்டில் பாதி தீர்ந்துவிடும். மிருதங்கத்தை விலக்கி ஓர்கனை மட்டும் பக்தியுள்ளதாகக் கருதுவதற்கு மட்டும் சங்கீதத்தில் ஆதாரம் தேடாதீர்கள்.

கேள்வி (மோதரை வாசகி): வீட்டு ஜெபத்தில் 23, 91, 121 இந்த மூன்றையே மாறி மாறி வாசிக்கிறோம். முழுப் புத்தகத்தையும் வாசிக்க எளிய வழி உண்டா?

பதில்: அந்த மூன்றும் நல்லவை, அவற்றை மனனமாக வைத்திருங்கள். முழு நூலையும் வாசிக்கப் பழைய வழிகள் இரண்டு உண்டு. புனித பெனடிக்டின் ஒழுங்கு 150 சங்கீதங்களையும் ஒரு வாரத்தில் முடிக்கச் சொல்கிறது, அது துறவிகளுக்கு. வேலைக்குப் போகிறவர்களும் பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு அங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகத்தின் முப்பது நாள் வகுப்பே பொருத்தமானது. முதலாம் நாள் காலையில் 1 முதல் 5 வரை, மாலையில் 6 முதல் 8 வரை என்று அது தொடங்குகிறது. 15ஆம் நாள் மாலை நீண்ட 78ஆம் சங்கீதம் மட்டுமே. 176 வசனங்கள் கொண்ட 119ஆம் சங்கீதம் 24ஆம் நாள் மாலையிலிருந்து 26ஆம் நாள் மாலை வரை பகுதி பகுதியாக வருகிறது.

இரு வேளையும் இயலாவிட்டால் காலைக்குரியதை ஒரு மாதமும் மாலைக்குரியதை அடுத்த மாதமும் வாசியுங்கள். ஒருவர் ஒரு வசனத்தையும் மற்றவர்கள் அடுத்ததையும் மாறி மாறி வாசித்தால் பிள்ளைகளுக்கும் பங்கிருக்கும். 136ஆம் சங்கீதம் வரும் நாளில் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்ற மறுமொழியை, அது இருபத்தாறு முறை வந்தாலும், வீட்டில் மிகச் சிறியவரிடம் ஒப்படையுங்கள். உங்கள் மனநிலைக்குப் பொருந்தாத சங்கீதம் அமைந்துவிட்டால் தாண்டிப் போகாதீர்கள். அந்த வேளையில் வேறொரு வீட்டில் அது யாருக்கோ பொருந்துகிறது, அவருக்காகச் சேர்த்து வாசிக்கலாம். முப்பத்தொரு நாள் கொண்ட மாதங்களில் கடைசி நாளன்று, 30ஆம் நாளுக்குரியவற்றையே மறுபடியும் வாசிப்பது வழக்கம்.